ஒரு நாட்டின் பதிவேடுகளைச் சுமந்த பெட்டி: பெருந்தரவுக் கருவிகள் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்தன. அதே நாளில் லண்டனிலுள்ள உக்ரைன் தூதரகத்தில், தூதர் வாதிம் பிரிஸ்டைக்கோவும் அமேசான் வெப் சர்வீசஸ் நிறுவனத்தின் லியாம் மேக்ஸ்வெல்லும் அமர்ந்து, எந்தெந்தத் தரவுகள் நாட்டைவிட்டு முதலில் வெளியேற வேண்டும் என்று தாளில் பட்டியல் எழுதினர். மக்கள்தொகைப் பதிவேடு, நில உடைமை ஆவணங்கள், வரிக் கணக்குகள், கல்விச் சான்றுகளின் பதிவுகள் ஆகியவை அந்தப் பட்டியலின் தலைப்பகுதியில் இருந்தன. இரண்டே நாட்களில், டப்ளினிலிருந்து போலந்தின் கிராக்கோவ் நகருக்கு விமானத்தில் வந்த, அமேசானின் ஸ்னோபால் எட்ஜ் என்ற தரவு சுமக்கும் பெட்டிகளில் முதலாவதாக வந்தவை எல்லையைக் கடந்து உக்ரைனுக்குள் சென்றன. அந்த ஆண்டு ஜூன் மாதத்திற்குள் அமேசானின் மேகக் கணிமையில் சேர்ந்திருந்த உக்ரைன் தரவின் அளவு 10 பெட்டாபைட்டை (ஒரு பெட்டாபைட் என்பது 1,000 டெராபைட்) தாண்டியது. ஆண்டின் இறுதிக்குள் 27 அமைச்சகங்களும் 18 பல்கலைக்கழகங்களும் அந்த இடப்பெயர்வில் இணைந்திருந்தன.

பெருந்தரவைச் சுமந்து செல்லும் கருவிகளைப் பற்றிய ஒப்பீடுகள் பெரும்பாலும் கொள்ளளவு, எடை, செயலி எண்ணிக்கை என்ற மூன்று வரிசைகளோடு முடிந்துவிடுகின்றன. உக்ரைன் நிகழ்வை நடுவில் வைத்துப் பார்த்தால், அந்த மூன்றில் எதுவும் முடிவைத் தீர்மானிக்கவில்லை என்பது தெரியவரும். பெட்டிக்குள் தரவு எவ்வளவு வேகமாக ஏறுகிறது, பெட்டி தொலைந்தால் யாருக்கு என்ன கிடைக்கும், சுமந்து செல்வதற்கு முன்பே அங்கேயே கணித்து விடையை மட்டும் அனுப்ப முடியாதா என்ற கேள்விகளே தேர்வை நடத்துகின்றன. இந்த ஆய்வு அந்த வரிசையிலேயே செல்கிறது.

கம்பி ஏன் போதவில்லை

படையெடுப்புக்கு ஒரு வாரம் முன்பு வரை, குறிப்பிட்ட அரசுத் தரவுகளும் சில தனியார் துறைத் தரவுகளும் நாட்டுக்குள்ளிருக்கும் சர்வர்களில்தான் இருக்க வேண்டும் என்று உக்ரைன் சட்டம் கூறியது. பிப்ரவரி நடுவில் நாடாளுமன்றம் அந்தத் தடையைத் தளர்த்தியது. இந்தச் சிறு சட்டத் திருத்தம் நிகழாமல் இருந்திருந்தால், பின்னால் பேசப்படும் எந்தப் பெட்டிக்கும் வேலை இருந்திருக்காது. தொழில்நுட்பக் கட்டுரைகள் இதை ஓர் அடிக்குறிப்பாகவே நடத்துவது வருத்தத்திற்குரியது.

படையெடுப்புக்கு முந்தைய நாளே உக்ரைன் நிறுவனங்களின் கணினிகளில் தரவை அழிக்கும் தீநிரல்கள் பரவத் தொடங்கின. படைகள் நுழைந்த அதிகாலையில், வியாசாட் நிறுவனத்தின் கேஏ-சாட் செயற்கைக்கோள் இணையச் சேவை தாக்கப்பட்டு, ஐரோப்பாவெங்கும் ஆயிரக்கணக்கான மோடம்கள் செயலிழந்தன. போரின் தொடக்க நாட்களில் அரசின் தரவு மையம் ஒன்று ஏவுகணைத் தாக்குதலுக்கு இலக்கானது என்று மைக்ரோசாஃப்ட் பின்னர் வெளியிட்ட அறிக்கை கூறியது. ஆகவே, தரவு இருந்த கட்டடம், தரவு ஓடிய கம்பி, தரவைக் காத்த மென்பொருள் ஆகிய மூன்றும் ஒரே வாரத்தில் நம்பிக்கைக்கு அப்பாற்பட்டவையாகிவிட்டன.

போர் இல்லாத நாளிலும் கம்பியின் கணக்கு எளிதானதல்ல. 80 டெராபைட் தரவை, வினாடிக்கு 100 மெகாபிட் இணைப்பில், அதன் திறனில் ஐந்தில் நான்கு பங்கைப் பயன்படுத்தி அனுப்பினால் 92 நாட்களுக்கு மேல் ஆகும். 1 ஜிகாபிட் இணைப்பில் அதுவே 9 நாட்களுக்குச் சற்று மேல். 10 பெட்டாபைட்டை 10 ஜிகாபிட் இணைப்பில் இடைவிடாமல் முழுத் திறனில் அனுப்பினாலும் 92 நாட்கள் தேவை; அந்த இணைப்பில் அரசின் வேறெந்த வேலையும் நடக்கக்கூடாது. உக்ரைனுக்கு 92 நாட்கள் இருக்கும் என்று பிப்ரவரி 24 அன்று எவரும் உறுதி சொல்லியிருக்க முடியாது.

பெட்டிக்குள் என்ன இருந்தது

வட்டில் ஏற்றி ஆள் கையில் கொடுத்தனுப்பும் வழக்கம் பழையது. 2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலேயே, மைக்ரோசாஃப்டில் பணியாற்றிய ஜிம் கிரே, வானியல் ஆய்வுத் தரவுகளை அனுப்புவதற்காகத் தனி வட்டுகளைக்கூட நம்பாமல், முழுக் கணினியையே பொட்டலம் கட்டி அனுப்பினார். பெறுபவர் மின்கம்பியையும் பிணையக் கம்பியையும் செருகினால் போதும். எந்த வட்டு எந்தக் கோப்பு முறைமையில் இருக்கிறது என்ற தலைவலி இல்லை. பின்னாளில் பெரிய நிறுவனங்கள் விற்ற பெட்டிகளின் கரு இதுதான்.

அமேசான் 2015 அக்டோபரில் அறிமுகப்படுத்திய முதல் ஸ்னோபால் 50 டெராபைட் கொண்டது. ஒரு முறை பயன்படுத்தக் கட்டணம் 200 டாலர். வாடிக்கையாளரிடம் 10 நாட்கள் இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 15 டாலர். அதன் மேற்புறத்தில் கிண்டில் கருவியில் உள்ளதைப் போன்ற மின்மைத் திரை பொருத்தப்பட்டிருந்தது. பெட்டி வாடிக்கையாளரிடம் இருந்து திரும்பும்போது முகவரிச் சீட்டு தானாகவே மாறிவிடும். கேட்பதற்கு விளையாட்டுப்போல் இருந்தாலும், கிடங்கில் தவறான சீட்டு ஒட்டப்பட்டு நாட்கணக்கில் அலையும் பொட்டலங்களைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை புரியும். ஆனால் அந்த முதல் பெட்டிக்குப் பெரிய குறை ஒன்று இருந்தது. சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி தரவை மாற்றும் மறையாக்கம் முழுவதையும் வாடிக்கையாளரின் கணினியே செய்ய வேண்டியிருந்தது; அந்தக் கணினி பலவீனமானதாக இருந்தால் பெட்டி காத்துக் கிடக்கும்.

2016 நவம்பரில் வந்த ஸ்னோபால் எட்ஜ் இந்தக் குறையை நீக்கியது. மறையாக்கம் பெட்டிக்குள்ளேயே நடந்தது. அமேசானின் மேகச் சேமிப்பகமான எஸ்3-உடன் பேசும் நிரல்கள், பெட்டியையும் ஒரு சேமிப்பகமாகவே கருதி நேரடியாகப் பேச முடிந்தது. சேமிப்புக்கான வகையில் பயன்படுத்தத்தக்க கொள்ளளவு 80 டெராபைட்; எடை ஏறத்தாழ 22.5 கிலோ, அதாவது ஒருவர் மூச்சுப் பிடித்துத் தூக்கிவிடக்கூடிய அளவு. உக்ரைனுக்குச் சென்றவை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

எனது கணிப்பில், போர்க்களத்தில் இந்தப் பெட்டியின் மிகப்பெரிய மதிப்பு அதன் சாவி அமைப்பில்தான் இருந்தது. 256 பிட் சாவிகள் பெட்டிக்குள் சேமிக்கப்படுவதில்லை. அவை நிறுவனத்தின் சாவி மேலாண்மைச் சேவையில் இருக்கின்றன. பெட்டியைத் திறக்க ஒரு பட்டியல் கோப்பும், 29 குறிகள் கொண்ட திறப்புக் குறியீடும் தேவை. இரண்டையும் ஒரே இடத்தில் சேமித்து வைக்கக்கூடாது என்பது நிறுவனத்தின் அறிவுரை. உள்ளே உள்ள பாதுகாப்புச் சிப், வன்பொருளிலோ தொடக்க மென்பொருளிலோ கைவைக்கப்பட்டிருக்கிறதா என்று சோதிக்கிறது. எல்லைச் சாவடியில் பெட்டி பறிபோனாலும், கைப்பற்றியவருக்குக் கிடைப்பது கனமான ஓர் உலோகத் துண்டு மட்டுமே. அதே பதிவேடுகளைச் சாதாரண வெளிப்புற ஹார்டு டிஸ்க்குகளில் மறையாக்கம் இன்றி எடுத்துச் சென்றிருந்தால், ஒரு பையின் இழப்பு பல லட்சம் குடிமக்களின் அடையாள இழப்பாக மாறியிருக்கும்.

ஏற்றும் வேகமும் இறக்கும் வேகமும்

பெட்டியின் கொள்ளளவைப் பார்த்து மயங்குபவர்கள் கவனிக்காத கணக்கு இது. ஸ்னோபால் எட்ஜின் வன்தட்டு வகைக்கு நிறுவனமே வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, எஸ்3 வழியாக நகலெடுத்தால் வினாடிக்கு 250 முதல் 400 மெகாபைட் வரையும், சாதாரணக் கோப்புப் பகிர்வு வழியாக நகலெடுத்தால் 25 முதல் 40 மெகாபைட் வரையும் எதிர்பார்க்கலாம். 300 மெகாபைட் வேகத்தில் 80 டெராபைட்டை நிரப்ப மூன்று நாட்களுக்குச் சற்று மேல் ஆகும். 40 மெகாபைட் வேகத்தில் 23 நாட்கள் ஆகும். ஒரே பெட்டி, ஒரே தரவு. எந்தக் கதவு வழியாக நுழைகிறோம் என்பதில் மூன்று நாளா, மூன்று வாரமா என்பது அடங்கியிருக்கிறது. பெட்டியின் பின்புறத்தில் 10, 25, 40 ஜிகாபிட் துளைகள் இருந்தன என்பது உண்மை. ஆனால் துளையின் அகலம் வேறு. உள்ளே மறையாக்கம் செய்து தட்டில் எழுதும் வேகம் வேறு.

சிறு கோப்புகள் இருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். ஒவ்வொரு கோப்புக்கும் மறையாக்கத் தொடக்கம், சரிபார்ப்புத் தொகை, பதிவு என்று ஒரு நிலையான செலவு உண்டு. ஒரு ஜிகாபைட் வீடியோ ஒன்றுக்கும், ஒரு கிலோபைட் படிவம் ஒன்றுக்கும் அந்தச் செலவு ஏறத்தாழ ஒன்றே. அரசுப் பதிவேடுகள் எல்லாம் ஸ்கேன் செய்யப்பட்ட பக்கங்கள், சிறு படிவங்கள், கையொப்பப் படங்கள் என்று கோடிக்கணக்கில் சிதறிக் கிடப்பவை. ஒரு மெகாபைட்டுக்குக் குறைவானவற்றை மொத்தமாகக் கட்டி ஒரே கோப்பாக ஏற்றி, சென்றடைந்த இடத்தில் பிரித்துக்கொள்ள வேண்டும் என்பதே நடைமுறை அறிவுரை. சேமிப்பகத் துறையில் வேலை செய்பவர்கள் இதைத் தொடக்கத்திலேயே கற்றுக்கொள்வார்கள். கற்றுக்கொள்ளாதவர்கள் மூன்றாவது நாள் இரவில் முன்னேற்றப் பட்டை நகராமல் நிற்பதைப் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள்.

இப்போது முழுச் சுற்றையும் கூட்டிப் பார்க்கலாம். நிரப்ப மூன்று நாள், பயணம் இரண்டு நாள், சென்றடைந்த மையத்தில் இறக்க மூன்று நாள் என்று வைத்துக்கொண்டால், 80 டெராபைட்டுக்கு எட்டு நாள். வகுத்துப் பார்த்தால் வினாடிக்கு ஏறத்தாழ 0.93 ஜிகாபிட். அதாவது இவ்வளவு ஆர்ப்பாட்டத்துடன் விமானத்தில் பறக்கும் ஒரு பெட்டி, தடையில்லாத 1 ஜிகாபிட் கம்பி ஒன்றுக்குச் சமம். பெட்டியின் வலிமை அதைப் பெருக்க முடியும் என்பதில் இருக்கிறது. பத்துப் பெட்டிகளை ஒரே நேரத்தில் நிரப்பினால் 9 ஜிகாபிட் கம்பி கிடைத்துவிடுகிறது. பத்து மடங்கு கம்பியை ஒரு வாரத்தில் தோண்டிப் போட முடியாது. ஆனால் பத்துப் பெட்டிகளுக்கும் ஒருசேர ஊட்ட, மூலச் சேமிப்பகம் வினாடிக்கு 3 ஜிகாபைட் வாசித்துத் தர வேண்டும். பழைய அரசுத் தரவு மையங்களில் முதலில் திணறுவது இந்த வாசிப்புதான்.

பெட்டி பயணிக்கும்போது மூலத் தரவுத்தளம் சும்மா இருப்பதில்லை என்பது அடுத்த சிக்கல். போர் நடக்கும் நாட்டிலும் குழந்தைகள் பிறக்கின்றன, வரி கட்டப்படுகிறது, வங்கிக் கணக்குகளில் பணம் நகர்கிறது. ஆகவே பெட்டியில் செல்வது ஒரு குறிப்பிட்ட நேரத்தின் அடிப்படை நகல் மட்டுமே. அதற்குப் பின் நடந்த மாற்றங்களை இணையவழியில் தொடர்ந்து அனுப்பி இரண்டையும் ஒட்ட வேண்டும். பெட்டியும் கம்பியும் போட்டியாளர்கள் என்று பேசுபவர்கள் இந்த இணைப்பை மறந்துவிடுகிறார்கள். உக்ரைனின் மிகப்பெரிய வங்கியான பிரிவாட்பேங்க், 270 செயலிகளையும் 4 பெட்டாபைட் வாடிக்கையாளர் தரவையும் 45 நாட்களுக்குள் மேகக் கணிமைக்கு மாற்றியது. அதைச் சராசரியாக்கினால் வினாடிக்கு 8 ஜிகாபிட்டுக்கு மேல் வருகிறது. அதுவும் தரவை நகர்த்துவது மட்டுமல்ல, அதன்மேல் ஓடும் செயலிகளையும் வேறிடத்தில் எழுப்பி ஓடவைத்தது. அந்த வேகத்தை எண்ணி வியக்காமல் இருக்க முடியாது.

மற்ற பெட்டிகள்

மைக்ரோசாஃப்ட் இதே தேவையை மூன்று அளவுகளில் பிரித்து 2018-ஐ ஒட்டிச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அஷூர் டேட்டா பாக்ஸ் டிஸ்க் என்பது எட்டு டெராபைட் எஸ்எஸ்டி வட்டுகள் ஐந்து வரை கொண்ட தொகுப்பு. மொத்தத்தில் 35 டெராபைட் பயன்படும். டேட்டா பாக்ஸ் ஸ்னோபாலைப் போன்றே 80 டெராபைட் தரும், ஏறத்தாழ 23 கிலோ எடையுள்ள பெட்டி. டேட்டா பாக்ஸ் ஹெவி ஒரு பெட்டாபைட் மொத்தக் கொள்ளளவுடன் 225 கிலோவைத் தாண்டும் சக்கரப் பெட்டி. அதைத் தூக்க முடியாது, தள்ளத்தான் முடியும், தள்ளுவதற்கு மேடும் பள்ளமும் இல்லாத தரை வேண்டும். விண்டோஸ் கோப்புப் பகிர்வும் லினக்ஸ் கோப்புப் பகிர்வும் தொடக்கத்திலிருந்தே முதன்மை வழிகளாக இருந்ததால், நிரல் எழுதத் தெரியாத அலுவலகப் பணியாளர்கூட வலைப்பின்னல் கோப்புறையில் இழுத்துப் போடுவதைப் போல இதை நிரப்பலாம். கீவ் நகரின் அமைச்சகம் ஒன்றில், வெளியே அபாயச் சங்கு ஒலிக்கும்போது நிரப்ப வேண்டியிருந்தால், இந்த எளிமை ஒரு பெரிய தகுதி.

2025-இல் வந்த புதிய தலைமுறை டேட்டா பாக்ஸ் 120 டெராபைட், 525 டெராபைட் என்ற இரு அளவுகளில், சுழலும் தட்டுகளைக் கைவிட்டு, என்விஎம்ஈ என்ற வேகமான திடநிலை வட்டுகளுக்கு மாறியது. அமேசானும் 2023-இல் 210 டெராபைட் என்விஎம்ஈ ஸ்னோபாலைக் கொண்டுவந்திருந்தது. அதன் வேகம் வினாடிக்கு 1.5 ஜிகாபைட் வரை என்று அறிவிக்கப்பட்டது. அந்த வேகத்தில் முழுப் பெட்டியும் 39 மணி நேரத்தில் நிரம்பும். கொள்ளளவு இரண்டரை மடங்கு கூடிய நிலையிலும் நிரப்பும் நேரம் பாதியாகக் குறைந்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய செய்தி. விளம்பரங்கள் 210 என்ற எண்ணையே பெரிதாக எழுதின.

கூகுள் 2017-இல் அறிமுகப்படுத்திய டிரான்ஸ்ஃபர் அப்ளையன்ஸ், தரவு மையங்களின் அடுக்குச் சட்டமான ராக்கில் பொருத்தும் வடிவத்தில், 100 மற்றும் 480 டெராபைட் அளவுகளில் வந்தது. தரவைச் சுருக்கியும், ஒரே தரவு திரும்பத் திரும்ப வருவதை நீக்கியும் ஏற்றுவதால் பெரிய பெட்டியில் ஒரு பெட்டாபைட் வரை அடக்கலாம் என்று கூறப்பட்டது. ஏற்கெனவே சுருக்கப்பட்ட படங்களும் வீடியோக்களும் மறையாக்கம் செய்த காப்பு நகல்களும் மேலும் சுருங்குவதில்லை என்பதால், அந்த ஒரு பெட்டாபைட் என்ற எண்ணை வாங்குபவர் சற்று ஐயத்துடனே படிக்க வேண்டும். ராக் இருக்கும் தரவு மையங்களுக்கு இது பொருந்தும். எல்லை கடந்து காரின் பின்னிருக்கையில் செல்ல வேண்டிய பெட்டிக்கு இந்த வடிவம் உகந்ததல்ல.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு கட்டுப்பாட்டை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தப் பெட்டிகள் வழக்கமாக ஒரே நாட்டுக்குள், அல்லது ஐரோப்பிய ஒன்றியம் போன்ற ஒரே வணிக எல்லைக்குள் மட்டுமே அனுப்பப்படுகின்றன. மறையாக்கக் கருவிகளின் ஏற்றுமதிச் சட்டங்களும் சுங்க நடைமுறைகளும் அதற்குக் காரணம். உக்ரைன் ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பு நாடு அல்ல. இணையப் பக்கத்தில் பொத்தானை அழுத்தி ஆர்டர் செய்யும் வழியில் அந்தப் பெட்டிகள் இரண்டு நாளில் அங்கே சென்றிருக்க வாய்ப்பில்லை; தூதரகத்தின் மேசையில் நடந்த பேச்சே அதைச் சாத்தியமாக்கியது.

அங்கேயே கணித்தால் என்ன

உக்ரைன் பெட்டிகளில் கணிப்புத் திறன் இருந்தது. ஆனால் மீட்பு வேலையில் அதற்குப் பெரிய பங்கு இல்லை. பதிவேட்டைக் காப்பாற்ற வேண்டும் என்றால் முழுப் பதிவேடும் வேண்டும். அதைச் சுருக்கி ஒரு விடையாக்கி அனுப்ப முடியாது. இந்த இடத்தில்தான் சுமக்கும் வேலையும், தரவு உருவாகும் இடத்திலேயே, அதாவது விளிம்பில் (எட்ஜ்), கணிக்கும் வேலையும் பிரிகின்றன. அதை விளக்க வேறு இரண்டு நிகழ்வுகளை எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2021 முதல் இயங்கிய எச்பிஈ நிறுவனத்தின் ஸ்பேஸ்போர்ன் கம்ப்யூட்டர்-2. விண்வெளி வீரர்களின் மரபணு வரிசைத் தரவு 1.8 ஜிகாபைட்டைப் பூமிக்கு இறக்க ஏறத்தாழ 12 மணி நேரம் ஆகியிருந்தது. நிலையத்திலேயே வைத்த கணினியில் அதை 6 நிமிடங்களில் ஆராய்ந்து, 92 கிலோபைட் விடையாகச் சுருக்கி, 2 வினாடிகளில் அனுப்பினர். இங்கே விடை தரவைவிடப் பலமடங்கு சிறியது. அந்த விடையைப் பெற வேறெந்த இடத்துத் தரவும் தேவையில்லை. விளிம்புக் கணிமைக்கு இதைவிடத் தூய்மையான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. 2022 ஏப்ரலில் ஆக்சியம்-1 பயணத்தில் அமேசானின் ஸ்னோகோன் என்ற சிறு பெட்டியும் அதே நிலையத்துக்குச் சென்று, படங்களில் பொருள்களை அடையாளம் காணும் நிரலை ஓட்டிக் காட்டியது. ஏறத்தாழ 2 கிலோ எடையும், இரண்டு செயலிகளும் கொண்ட அந்தக் கருவியைப் பூமியில் கைப்பையில் எடுத்துச் செல்லலாம்.

இரண்டாவது, கருந்துளையின் முதல் படத்தைத் தந்த ஈவன்ட் ஹொரைசன் தொலைநோக்கிக் கூட்டமைப்பு. 2017 ஏப்ரலில் எட்டுத் தொலைநோக்கிகள் சேர்ந்து பதிவுசெய்த தரவு ஏறத்தாழ 5 பெட்டாபைட். உயர்ந்த மலைகளில் காற்றழுத்தம் குறைவு என்பதால் சாதாரண வன்தட்டுகள் தடுமாறும். அதனால் ஹீலியம் நிரப்பி மூடிய தட்டுகளில் பதிவுசெய்து, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹேஸ்டாக் ஆய்வகத்துக்கும் ஜெர்மனியின் பான் நகருக்கும் விமானத்தில் அனுப்பினர். தென்துருவத் தொலைநோக்கியின் தட்டுகள் அண்டார்டிக் குளிர்காலம் முடிந்து விமானங்கள் மீண்டும் இறங்கும் வரை அங்கேயே கிடந்தன; அவை ஹேஸ்டாக்கைச் சேர்ந்தது அந்த ஆண்டு டிசம்பர் நடுவில்தான். கருந்துளைப் படம் 2019 ஏப்ரல் 10 அன்று வெளியானது.

அந்தத் தட்டுகளை ஏன் துருவத்திலேயே கணித்துச் சுருக்கவில்லை என்ற கேள்வி இயல்பாக எழும். ஒரு தொலைநோக்கியின் பதிவு தனியாகப் பார்த்தால் வெறும் இரைச்சல். மற்ற தொலைநோக்கிகளின் பதிவோடு நொடியின் மிகச் சிறு கூறுகள் வரை பொருத்திப் பார்த்தால் மட்டுமே அதில் செய்தி வெளிப்படும். பொருத்த வேண்டிய மறுபாதி வேறு கண்டத்தில் இருக்கும்போது, விளிம்பில் எவ்வளவு வலிமையான செயலியை வைத்தாலும் பயனில்லை. விண்வெளி நிலையத்தின் மரபணுத் தரவு அங்கேயே விடையாகிவிடும். தென்துருவத்தின் வானொலி அலைகள் ஒன்றுசேர்ந்தால்தான் விடையாகும். எட்ஜ் கருவி வாங்க வருபவர்களிடம் செயலி எண்ணிக்கையைக் காட்டுவதற்கு முன் இந்த ஒரு வேறுபாட்டைக் கேட்டால், பாதிப் பேர் வெறும் தட்டுகளோடு திரும்பிப் போய்விடுவார்கள் என்பது என் எண்ணம்.

அமேசான் இந்த இரு வேலைகளையும் ஒரே கூட்டில் வைத்தது. 2018-இல் வந்த கணிப்புக்கான ஸ்னோபால் எட்ஜில் 52 மெய்நிகர் செயலிகளும், வேண்டுமானால் என்விடியா வி100 வரைகலைச் செயலியும் கிடைத்தன. சேமிப்பு 42 டெராபைட்டாகக் குறைந்தது. ஒன்று கூடினால் மற்றொன்று குறையும் என்பதை அந்த எண்களே சொல்கின்றன. மைக்ரோசாஃப்ட் தொடக்கத்தில் டேட்டா பாக்ஸ் எட்ஜ் என்று பெயரிட்ட கருவியை 2019-இல் அஷூர் ஸ்டாக் எட்ஜ் என்று மாற்றி, சுமக்கும் குடும்பத்திலிருந்து பெயரளவிலும் பிரித்தது. அதன் மினி ஆர் வகை 3 கிலோவுக்குச் சற்று மேலான எடையில் மின்கலத்துடன் வந்தது. முதுகுப்பையில் எடுத்துச் சென்று கணிப்பதற்கானது அது. ஆரக்கிள் 2021-இல் வெளியிட்ட ரோவிங் எட்ஜ் கருவி 40 செயலிகளும் 512 ஜிகாபைட் நினைவகமும் 61 டெராபைட் சேமிப்பும் கொண்டது. அது களத்தில் நிறுத்தி வைக்கும் சர்வராகவே கருதப்பட வேண்டும். 2022 டிசம்பரில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை அமேசான், கூகுள், மைக்ரோசாஃப்ட், ஆரக்கிள் ஆகிய நான்கு நிறுவனங்களுக்கும் பகிர்ந்தளித்த, 9 பில்லியன் டாலர் உச்சவரம்புள்ள ஒப்பந்தம், போர்முனை வரை கணிமையைக் கொண்டுசெல்ல வேண்டும் என்று கேட்டது. இந்தக் கருவிகளின் உருவத்தை வடிப்பதில் இராணுவத் தேவைக்கு இருக்கும் பங்கை அது காட்டுகிறது.

சுருங்கிய சந்தை

2016 நவம்பரில் அமேசானின் லாஸ் வேகஸ் மேடையில் ஒரு முழு டிரெய்லர் லாரியே ஏறி வந்தது. 45 அடிக் கன்டெய்னருக்குள் 100 பெட்டாபைட் அடக்கிய ஸ்னோமொபைல் அது. வினாடிக்கு ஒரு டெராபிட் வேகத்தில் நிரப்பினால் பத்து நாட்களுக்குள் நிரம்பும்; நிரப்பும்போது ஏறத்தாழ 350 கிலோவாட் மின்சாரம் கேட்கும். செயற்கைக்கோள் படங்களை விற்கும் டிஜிட்டல்குளோப் நிறுவனம் தன் ஆவணக் களஞ்சியத்தை அதில் ஏற்றியது. 2024-இல் அந்த லாரி விற்பனைப் பட்டியலிலிருந்து மறைந்தது. வினாடிக்கு ஒரு டெராபிட் தரவை வாசித்துத் தரவும் 350 கிலோவாட் மின்சாரம் தரவும் வல்ல வாடிக்கையாளர், பெரும்பாலும் நல்ல ஒளியிழை இணைப்பையும் வைத்திருப்பார். லாரி தேவைப்படும் அளவுக்குப் பெரியவருக்கு லாரி தேவைப்படாது என்ற முரணில்தான் அந்தத் திட்டம் சிக்கியது என்று கருதுகிறேன்.

2024 நவம்பரில் ஸ்னோகோனும், வன்தட்டு கொண்ட பழைய ஸ்னோபால் எட்ஜ் வகைகளும் நிறுத்தப்பட்டன. 2025 நவம்பர் 7 முதல் ஸ்னோபால் எட்ஜ் புதிய வாடிக்கையாளர்களுக்குக் கிடைப்பதில்லை. மேலே பார்த்த 0.93 ஜிகாபிட் கணக்கு இதற்குப் போதுமான விளக்கம்: 2015-இல் 1 ஜிகாபிட் என்பது பல நிறுவனங்களுக்கு எட்டாத வேகம்; பத்தாண்டுகளில் பெருநகரங்களில் அது வீட்டு இணைப்பின் வேகமாகிவிட்டது. அமேசான் 2024 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸிலும் நியூயார்க்கிலும் திறந்த தரவுப் பரிமாற்ற முனையங்களில், வாடிக்கையாளர் தன் சொந்த வட்டுகளைத் தூக்கி வந்து, அதிவேக ஒளியிழையில் செருகி, தானே ஏற்றிவிட்டுப் போகலாம். பெட்டி மறைந்தாலும் தூக்கிச் செல்வது மறையவில்லை.

வெளியே எடுக்கும் கணக்கையும் தேர்வின்போதே போட்டுப் பார்க்க வேண்டும். ஸ்னோபால் வழியாக உள்ளே ஏற்றும் தரவுக்குக் கட்டணம் இல்லை. வெளியே கொண்டுவர அமெரிக்கப் பகுதிகளில் ஜிகாபைட்டுக்கு 3 சென்ட் என்பது பட்டியல் விலையாக இருந்தது. 80 டெராபைட்டுக்கு 2,400 டாலர். 10 பெட்டாபைட்டுக்கு 3 லட்சம் டாலர். 2024-இல் கூகுளும் அமேசானும் மைக்ரோசாஃப்ட்டும், தங்கள் சேவையை முற்றிலும் விட்டுச் செல்பவர்களுக்கு வெளியேற்றக் கட்டணத்தைத் தளர்த்தின. போருக்குப் பின் பதிவேடுகளைத் தாய்நாட்டுக்குத் திருப்ப விரும்பும் அரசு, முழுதாக விலகாமல் ஒரு நகலை வெளிநாட்டிலும் வைத்துக்கொள்ள விரும்பினால், அந்தச் சலுகையின் வரம்பை எழுத்து எழுத்தாகப் படிக்க வேண்டியிருக்கும். எஸ்டோனியா 2017-இலேயே லக்சம்பர்க்குடன் ஒப்பந்தம் செய்து, தூதரகத்துக்குரிய பாதுகாப்புடன் தன் பதிவேடுகளின் நகலை அங்கே வைத்தது. அமைதிக் காலத்தில் செய்ததால் அவசரப் பெட்டிகள் தேவைப்படவில்லை.

2022 பிப்ரவரியில் எழுதிய அதே பட்டியலை இன்று இன்னோர் அரசு எழுத நேர்ந்தால், அது அமேசானின் புதிய வாடிக்கையாளராக ஸ்னோபாலை ஆர்டர் செய்ய முடியாது. அருகிலுள்ள மைக்ரோசாஃப்ட் மையத்திலிருந்து டேட்டா பாக்ஸ் பெறலாம். கூகுளின் அப்ளையன்ஸ் கேட்கலாம். அல்லது சந்தையில் கிடைக்கும் என்விஎம்ஈ வட்டுகளை வாங்கி, தானே மறையாக்கம் செய்து, சாவியை வேறொரு வழியில் அனுப்பிவிட்டு, வட்டுகளை ஓர் அதிகாரியின் பையில் போட்டு விமானம் ஏற்றலாம். மூன்றாவது வழியில் கொள்ளளவும் வேகமும் குறையப்போவதில்லை. ஆனால் சாவியை யார் உருவாக்குவது, எங்கே வைப்பது, வட்டு பறிபோனால் அதை யார் செல்லாததாக்குவது என்ற மூன்று வேலைகளும் அந்த அமைச்சகத்தின் கணினிப் பிரிவின் தலையில் வந்து விழும். 2022-இல் அந்த மூன்றையும் பெட்டியோடு வந்த சேவையே சுமந்திருந்தது.